விழுந்த மரத்தில் இரு குடும்பங்கள்

நுழையும்முன்

பூச்சிகளுள் பெரும்பாலானவை முட்டையிட்டதும் விலகிச் செல்பவை; பெற்றோர் முகம் காணாமலே குஞ்சுகள் வளர்கின்றன. ஆயினும் வெப்பமண்டல மலைக்காடுகளில் தாயும் தந்தையும் சேர்ந்து பிள்ளைகளைப் பேணும் பூச்சிகளும் உள்ளன. அவற்றுள் ஒரு வண்டினத்தையும் ஒரு கரப்பானினத்தையும் ஒப்பிட்டு, அவற்றின் வாழ்வுக்கும் விழுந்த மரத்துக்கும் உள்ள தொடர்பை விளக்குகிறது இப்பாடம்.

தோப்பில் அறிந்த வண்டு

கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்திற்கும் காட்டுமன்னார்கோயிலுக்கும் இடையே அமைந்துள்ளது குமராட்சி. கொள்ளிடத்தின் வடபுறத்தே விரிந்து கிடக்கும் நெல்வயல்கள், வாய்க்கால் கரைகள், வீடுகளை ஒட்டிய தென்னைகள் ஆகியவையே இப்பகுதியின் தோற்றம். இங்கு மலையும் இல்லை, அடர்காடும் இல்லை. 2011ஆம் ஆண்டு திசம்பர் 30ஆம் நாள் கரையைக் கடந்த தானே புயல், கடலூர் மாவட்டத்தில் பலா, முந்திரி, தென்னை மரங்களைப் பெருமளவில் வேரோடு சாய்த்தது. அத்தகைய புயலுக்குப்பின் சாய்ந்த தென்னந்தண்டுகளை உடனே அப்புறப்படுத்துமாறு வேளாண் அலுவலர்கள் உழவர்க்கு அறிவுரை கூறுவது வழக்கம். அழுகும் தண்டிலும் எருக்குழியிலும் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அங்கே வளர்ந்து வெளிவரும் வண்டு, நிற்கும் தென்னையின் குருத்தைத் துளைக்கும் என்பதே அதற்குக் காரணம்.

காண்டாமிருக வண்டின் தாய், முட்டையிட்டபின் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டின் சமையலறையில் இரவில் ஓடும் கரப்பானும் அவ்வாறே. முட்டைக் கூட்டை ஓர் இடுக்கில் ஒட்டிவிட்டு அகன்றுவிடும். சமவெளியில் வாழ்வோர் அறிந்த வண்டும் கரப்பானும் இத்தகையவை. எனவே, வண்டு என்றால் பயிருக்குப் பகை, கரப்பான் என்றால் வீட்டுக்கு அருவருப்பு என்ற எண்ணம் வேரூன்றியுள்ளது.

ஆனால், உலகில் இதுவரை பெயரிடப்பட்ட வண்டினங்கள் ஏறத்தாழ நான்கு இலட்சம். கரப்பான்களில் நாலாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் மனிதர் வாழும் இடங்களை நாடி வருபவை முப்பது அளவிலேயே அடங்கும். எஞ்சியவை எல்லாம் காட்டிலும் மண்ணிலும் குகையிலும் மரத்திலும் வாழ்பவை. அவற்றுள் வியப்பூட்டும் இல்லற வாழ்வை உடையவை, காண்டாமிருக வண்டின் தொலைதூர உறவினமான பசலிட் வண்டும், வீட்டுக் கரப்பானின் உறவினமான மரம் தின்னும் கரப்பானும் ஆகும்.

மட்கும் மரம் என்னும் உணவு

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் முதிர்ந்த மரம் ஒன்று விழுந்தால், அது மண்ணாகப் பல ஆண்டுகள் ஆகும். முதலில் பட்டை நெகிழும், பூஞ்சை படரும், பின் உள்மரம் மெல்ல மிருதுவாகும். இவ்வாறு மட்கும் மரம், வெயிலும் மழையும் எட்டாத வீடு. சுவரையே உண்டு வாழத்தக்க வீடு. எனினும் அவ்வுணவு எளிதில் செரிக்கத்தக்கது அன்று.

மரத்தின் பெரும்பகுதி செல்லுலோஸ், லிக்னின் முதலிய கடினப் பொருள்களால் ஆனது. விலங்குகளின் குடல் இவற்றைத் தனித்து நின்று எளிதில் உடைக்க இயலாது. மேலும், உடல் வளர்ச்சிக்கு வேண்டிய நைட்ரசன் மரத்தில் மிகமிகக் குறைவு. நூற்றில் ஒரு பங்குகூட இராது. வைக்கோலை மட்டும் தின்னும் மாடு எவ்வாறு மெலியுமோ, அதனினும் இடர்ப்பாடு மிக்க நிலை மரத்தை மட்டும் தின்னும் பூச்சிக்கு உண்டு. அதனால் அதன் வளர்ச்சி மந்தமாகிறது. குழந்தைப் பருவம் நீள்கிறது. நுண்ணுயிர்களின் துணை இன்றியமையாததாகிறது. அத்துணையைப் பிறந்த குஞ்சு தானே தேடிப் பெறுதல் அரிது. பெற்றோரிடமிருந்தே பெற வேண்டும். மரம் தின்னும் பூச்சிகளிடம் குடும்பம் தோன்றியதற்கான காரணம் இவ்விடத்தில்தான் உள்ளது.

வண்டின் இல்லறம்

பசலிட் வண்டுகள், மெருகிட்ட தோல்போல் மின்னும் கரிய உடலும் வலிய தாடையும் உடையவை. உலகெங்கும் ஏறத்தாழ ஆயிரம் சிற்றினங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பல வெப்பமண்டலக் காடுகளைச் சேர்ந்தவை. ஆணும் பெண்ணும் இணைந்து மட்கிய மரத்துள் சுரங்கம் குடைகின்றன. மென்று தூளாக்கிய மரத்துகளால் படுக்கை அமைத்து, அதன்மேல் பெண்வண்டு முட்டையிடுகிறது.

முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு, மரத்தைத் தானே அரைத்து உண்ணும் ஆற்றல் குறைந்தது. பெற்றோர் மென்று தரும் மரத்தூளும் அவற்றின் எச்சமுமே அதன் உணவு. எச்சத்தை உண்ணுதல் இழிவானது எனத் தோன்றலாம். அதற்குள் நுட்பமான ஏற்பாடு ஒன்று அடங்கியுள்ளது. சுரங்கச் சுவரில் படிந்த எச்சத்தின்மீது பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்கின்றன. ஒருமுறை குடலைக் கடந்தும் செரியாது எஞ்சிய பொருளை அவை சிதைத்து ஊட்டமாக்குகின்றன. அதனை வண்டும் புழுவும் மீண்டும் உண்கின்றன. மாட்டுக்கு இரைப்பையின் முதல் அறை எவ்வாறோ, அவ்வாறே இவ்வண்டுக் குடும்பத்துக்குச் சுரங்கச் சுவர். உடலுக்கு வெளியே அமைந்த இரைப்பை என அறிஞர் இதனைக் குறிப்பிடுவர்.

புழு முதிர்ந்து கூட்டுப்புழுப் பருவம் அடையும்போது, அதனைச் சுற்றிக் காப்புக்கூடு கட்டப்படுகிறது. புழு உள்ளிருந்து கட்ட, பெற்றோர் வெளியிலிருந்து கட்டுகின்றன. முன்னரே வளர்ந்துவிட்ட மூத்த உடன்பிறப்புகளும் அப்பணியில் துணைநிற்பது உண்டு. கூட்டிலிருந்து வரும் இளவண்டு செந்நிறமாக இருக்கும். ஓடு இறுகிக் கருமையாவதற்குப் பல வாரங்கள் ஆகும். அதுவரை அது பெற்றோரின் சுரங்கத்திலேயே தங்கி வாழ்கிறது.

இக்குடும்பத்துக்கு ஓசைமொழியும் உண்டு. பின்னிறகின் தடித்த பகுதியை வயிற்றின் மேற்பரப்பில் உரசி வண்டு கீச்சொலி எழுப்புகிறது. வட அமெரிக்கப் பசலிட் இனம் ஒன்றை ஆராய்ந்தோர் பதினான்கு வகை ஓசைகளைப் பிரித்தறிந்துள்ளனர். எதிரியை விரட்ட, துணையை அழைக்க, தொல்லைப்பட்டதை உணர்த்த என அவை வேறுபடுகின்றன. புழுவும் ஒலி எழுப்புவதுண்டு. அதன் மூன்றாம் இணைக்கால்கள் நடப்பதற்குப் பயன்படாதவாறு சிறுத்துள்ளன. அவற்றைக் கொண்டு இரண்டாம் இணைக்கால்களின் அடிப்பகுதியைச் சுரண்டி ஒலி செய்கிறது. இருண்ட சுரங்கத்துள் கண்ணைவிடக் காதே பயன்படும் உறுப்பு.

கரப்பானின் இல்லறம்

மரம் தின்னும் கரப்பான்களில் பனெஸ்தியா, சல்கேனியா என்னும் இரு பேரினங்கள் குறிப்பிடத்தக்கவை. ஆசியக் காடுகளில் இரண்டும் வாழ்கின்றன. இந்தியாவின் வடகிழக்கு மலைகளிலும் தென்கிழக்காசியாவிலும் காணப்படும் பனெஸ்தியா, ஆத்திரேலியா வரை பரவியுள்ளது. தடித்த ஓடும், தோண்டுவதற்கேற்ற முள் நிறைந்த குட்டைக் கால்களும் உடைய இவை, வீட்டுக் கரப்பானைப்போல் மெலிந்து விரைந்து ஓடுபவை அல்ல.

சல்கேனியாவில் ஆணும் பெண்ணும் சேர்ந்து மரத்துள் வளை அமைக்கின்றன. சப்பானின் ஒகினாவாத் தீவில் வாழும் இனம் ஒன்றில், இணைசேர்ந்த இரண்டும் ஒன்றன் இறகை மற்றொன்று மென்று தின்றுவிடுவதைச் சப்பானிய ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டு வெளியிட்டனர். பூச்சியுலகில் இணைசேரும்போது ஒன்று மற்றொன்றன் உடற்பகுதியை உண்ணுதல் முன்பே அறியப்பட்டதே. இரண்டும் ஒன்றையொன்று உண்ணுதல் புதுமையானது. குறுகிய வளைக்குள் வாழப்போகும் இணைக்கு இறகு தடையே. பறந்து வந்த பயணம் அங்கே முடிகிறது.

இக்கரப்பான்கள் முட்டைக் கூட்டை வெளியே ஒட்டிச் செல்வதில்லை. தாய் அதனைத் தன் உடலுள்ளேயே அடைகாத்து உயிருள்ள குஞ்சுகளை ஈனுகிறது. வெளிறிய மெல்லுடல் கொண்ட அக்குஞ்சுகளுக்குப் பெற்றோர் தம் வாயிலிருந்து ஊட்டுகின்றன. குஞ்சுகள் பல தோலுரிப்புகளைக் கடந்து நெடுங்காலம் பெற்றோருடன் ஒரே மரத்தில் தங்குகின்றன.

மரத்தைச் செரிப்பதற்குச் செல்லுலோசை உடைக்கும் நொதியைக் கரப்பானின் உடலே சுரக்கிறது. மேலும், பெரும்பாலான கரப்பான்களின் உடற்கொழுப்பில் பிளாட்டாபாக்டீரியம் என்னும் நுண்ணுயிர் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது. உடலில் கழிவாகும் நைட்ரசனை மீண்டும் புரதத்திற்குரிய பொருளாக மாற்றித் தருவது அதன் பணி. வறுமையிலும் வீணாக்காத சிக்கனம் அது.

தெரிந்து தெளிவோம்

இந்தியப் பசலிட் வண்டுகளைப் பற்றிய தொடக்ககால ஆய்வுக் கட்டுரைகளுள் ஒன்று, 1873இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அதனை எழுதியவர் பெர்டினாண்டு ஸ்டோலிக்ஸ்கா. மொராவியாவில் பிறந்த இவர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் பணியாற்றியவர். கடலூர் மாவட்டத்தை அடுத்துள்ள அரியலூர்ப் பகுதியின் பாறைகளில் கிடைத்த கிரிட்டேசியக் காலக் கடலுயிர்ப் புதைபடிவங்களை விரிவாக வண்ணித்து நூல்களாக்கியவரும் இவரே. தென்னிந்தியப் பசலிட் வண்டான புளூராரியஸ் பிராக்கிபில்லஸ் இவர் பெயரிட்டது. 1874இல் லடாக் மலைப் பயணத்தின்போது இவர் மறைந்தார்.

உறவும் ஒற்றுமையும்

இவ்விரு பூச்சிகளும் ஒரே குலத்தைச் சேர்ந்தவையோ என்ற ஐயம் எழலாம். உண்மை அதற்கு மாறானது. வண்டின் மூதாதையரும் கரப்பானின் மூதாதையரும் பிரிந்து முப்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆயின. வண்டு முழு உருமாற்றம் அடைவது. முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு என்னும் நான்கு நிலைகள் அதற்கு உண்டு. கரப்பான் குறை உருமாற்றம் அடைவது. அதன் குஞ்சு பிறக்கும்போதே பெற்றோரின் சிறு வடிவாக உள்ளது. வண்டு முட்டையிடுகிறது; மரக்கரப்பான் குஞ்சு ஈனுகிறது. வண்டு எச்சத்தால் ஊட்டுகிறது. கரப்பான் வாயால் ஊட்டுகிறது. வண்டு உணவை உடலுக்கு வெளியே சுவரில் பதப்படுத்துகிறது. கரப்பான் உடலுக்குள்ளேயே பதப்படுத்துகிறது.

இத்துணை வேறுபாடு இருந்தும், இரண்டும் மரத்தைக் குடைகின்றன, இணையாக வாழ்கின்றன, பிள்ளைகளை நெடுநாள் பேணுகின்றன. கரிய பளபளப்பும் தடித்த ஓடும் தோண்டும் கால்களும்கூட ஒத்திருக்கின்றன. சல்கேனியாக் கரப்பானினம் ஒன்றுக்குச் சல்கேனியா பசலாய்டீஸ் என்றே பெயர். பசலிட் வண்டைப் போன்றது என்பது அதன் பொருள்.

தோப்பில் வாழும் காண்டாமிருக வண்டு, பசலிட் வண்டுக்கு உறவினம். ஆயினும் அது பிள்ளையைப் பேணாதது. சமையலறைக் கரப்பான், மரக்கரப்பானுக்கு உறவினம்; அதுவும் பேணாதது. உறவினங்கள் வெவ்வேறாக வாழ, உறவில்லாதவை ஒரே நெறியில் வாழ்கின்றன. தொடர்பற்ற உயிர்கள் ஒரே வகைச் சூழலின் தேவையால் ஒத்த பண்புகளை அடைவதைக் குவி பரிணாமம் என அறிவியல் கூறும். மட்கும் மரம் இவ்விரண்டுக்கும் ஒரே சிக்கலைத் தந்தது; இரண்டும் குடும்பம் என்னும் ஒரே விடையைக் கண்டன.

இவ்விடை கரப்பான் குலத்தில் மற்றொரு கிளையில் இன்னும் தொலைவு சென்றது. குமராட்சி வயல்வரப்பில் புற்றெழுப்பும் கறையானும் கரப்பான் குலத்தைச் சேர்ந்ததே என்பதை மரபணு ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன. மரம் தின்னும் பண்டைக் கரப்பான் குடும்பம் ஒன்று பெருகி, அரசியும் பணியாளரும் கொண்ட கறையான் சமுதாயமாயிற்று. வட அமெரிக்கா, கிழக்காசியா ஆகியவற்றின் குளிர் மலைகளில் வாழும் கிரிப்டோசெர்கஸ் என்னும் மரக்கரப்பானே கறையானுக்கு மிக நெருங்கிய உறவினம்.

மனிதர்க்கும் இவ்வாழ்வில் கற்க வேண்டியது உண்டு. பசலிட் வண்டின் குடலில் வாழும் ஒருவகை ஈஸ்டு, சைலோஸ் என்னும் மரச்சர்க்கரையைப் புளிக்கவைத்து எத்தனாலாக மாற்ற வல்லது. மாவு புளிக்கப் பயன்படும் ஈஸ்டு இதனைச் செய்யாது. வைக்கோலிலும் சைலோஸ் உண்டு. எனவே பயிர்க்கழிவிலிருந்து எரிபொருள் ஆக்கும் ஆய்வில் அவ்வகை ஈஸ்டு சிறப்பிடம் பெற்றுள்ளது.

மலை என்னும் தீவு

மலையுச்சியில் வாழும் பசலிட் வண்டுகளுள் பல பறக்க இயலாதவை. அவற்றின் பின்னிறகு குறுகியிருப்பினும் ஒலி எழுப்பும் பகுதி மட்டும் எஞ்சியிருக்கிறது. பறத்தலைத் துறந்தும் பேச்சைத் துறக்கவில்லை. மரக்கரப்பானோ இறகைக் கடித்து எறிந்துவிடுகிறது. சில இனங்கள் இறகின்றியே வளர்கின்றன. பறவாத உயிர்க்கு ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் இடையிலுள்ள வெப்பச் சமவெளி, கடல் போன்றது. ஒரு மலையில் அழிந்தால் அடுத்த மலையிலிருந்து வந்து நிரப்ப இயலாது.

இதனால்தான் நடு அமெரிக்க நாடான கௌதமாலாவில், எந்த மேகக்காட்டை முதலில் காக்க வேண்டும் என்று வரிசைப்படுத்துவதற்குப் பசலிட் வண்டுகளை அளவுகோலாகக் கொண்டனர். அவ்வாய்வு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. எந்த மலையில் வேறெங்கும் இல்லாத வண்டுகள் மிகுதியோ, அந்த மலைக்காடு ஈடற்றது என்பது அதன் அடிப்படை.

கரப்பானுக்கு நேர்ந்ததை ஆத்திரேலியாவைச் சேர்ந்த லார்டு ஓவ் தீவு காட்டுகிறது. 1918இல் அங்குத் தரைதட்டிய கப்பலிலிருந்து எலிகள் தீவுக்குள் புகுந்தன. அவற்றால், பனெஸ்தியா லாட்டா என்னும் மரக்கரப்பான் முதன்மைத் தீவிலிருந்து 1930களில் முற்றும் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. எலிகளை ஒழிக்கும் பணி 2019இல் நடைபெற்றது. 2022ஆம் ஆண்டு சிட்னிப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் பெரிய ஆலமரமொன்றன் அடியிலிருந்த கல்லைப் புரட்டியபோது, அங்கே அக்கரப்பான் குடும்பம் வாழ்வது தெரியவந்தது. எண்பது ஆண்டுகளுக்குமேல் இல்லை என எண்ணப்பட்ட உயிரை, ஓர் ஆலின் நிழல் காத்திருந்தது.

தோப்பும் காடும்

சாய்ந்த தென்னையை அகற்றுக என்பது தோப்புக்கு ஏற்ற அறிவுரை; ஏனெனில் அங்கு வளர்வது குருத்தைத் துளைக்கும் வண்டு. அதே அறிவுரையை மலைக்காட்டுக்கும் பொருத்தினால் அது பிழையாகும். பசலிட் வண்டும் மரக்கரப்பானும் நிற்கும் பசுமரத்தைத் தாக்குவதில்லை. செத்த மரத்தையே உண்கின்றன. அதனைத் தூளாக்கி மண்ணில் சேர்த்து, அடுத்த மரத்திற்கு ஊட்டமாக்குகின்றன. காட்டைத் தூய்மைப்படுத்துவதாக எண்ணி விழுந்த மரங்களை அகற்றுவதும், விறகுக்காக இழுத்துச் செல்வதும் பல தலைமுறை வாழ்ந்த இல்லங்களை அகற்றுவதே ஆகும்.

மேற்குத் தொடர்ச்சி மலை 2012இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. யானைக்கும் வரையாட்டுக்கும் கிடைக்கும் கவனம் மட்கிய மரத்துக்குக் கிடைப்பதில்லை. சுற்றுலாச் செல்வோர் காட்டு மரத்துண்டைப் புரட்டிப் பார்க்க நேரின், முன்பிருந்தவாறே மீண்டும் வைத்தல் வேண்டும். திறந்து கிடக்கும் மரம் உலர்ந்துவிடும். உலர்ந்த மரத்தில் குஞ்சுகள் பிழையா. பூச்சியைப் பிடித்து வருவதோ, காப்புக்காட்டில் சட்டத்திற்கு மாறானது.

எது கழிவு, எது வாழிடம் என்பதைப் பொருள் தீர்மானிப்பதில்லை, இடமே தீர்மானிக்கிறது. ஒரே விழுந்த மரம் குமராட்சித் தோப்பில் தீங்கின் விதையாகவும், மலைக்காட்டில் குடும்பங்களின் இல்லமாகவும் இருக்கிறது. அவ்வேறுபாட்டை அறிந்து செயற்படுதலே இயற்கையை அறிதல்.

கற்பவை கற்றபின்

1. ஊரின் எருக்குழி, விழுந்த மரத்தண்டு ஆகியவற்றில் காணப்படும் உயிர்களை ஒரு வாரம் உற்றுநோக்கிக் குறிப்பேட்டில் பதிவுசெய்க.
2. 'தோப்பில் விழுந்த மரம், காட்டில் விழுந்த மரம்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

நம்மை அளவிடுவோம்

குறுவினா
1. பசலிட் வண்டின் சுரங்கச் சுவரை, உடலுக்கு வெளியே அமைந்த இரைப்பை என்பது ஏன்?
2. குவி பரிணாமம் என்றால் என்ன?

சிறுவினா
1. மரம் தின்னும் பூச்சிகளிடம் குடும்ப வாழ்வு தோன்றியதற்கான காரணங்களை எழுதுக.
2. பறவாத பூச்சிகளுக்கு மலை ஒரு தீவு என்பதை விளக்குக.

நெடுவினா
பசலிட் வண்டு, மரம் தின்னும் கரப்பான் ஆகியவற்றின் வாழ்க்கை முறைகளை ஒப்பிட்டு, விழுந்த மரங்களைக் காட்டில் விட்டுவைக்க வேண்டியதன் தேவையை நிறுவுக.